அலெக் கின்னஸின் படங்களும் தொடர்களும்: எந்தத் தளத்தில், எந்தப் பிரதியில் பார்ப்பது?

லெஸ்டர்மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 79. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாக வீட்டோடு இருக்கிறார். சிறுவனாக இருந்தபோது கொழும்பில் பெரியப்பாவோடு திரையரங்குக்குப் போய் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' பார்த்தவர். அன்று முதல் அதில் நடித்த பிரிட்டிஷ் நடிகர் அலெக் கின்னஸ் என்றால் அவருக்குத் தனி மரியாதை. இங்கே பிரிட்டனுக்கு வந்த பிறகு, 1979இல் பிபிசியில் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடர் வந்தபோது, இரவு வேலைக்குப் போகாத வாரங்களில் மட்டும் பார்த்தாராம். விட்டுப்போன பகுதிகளை 46 ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறார்.

அதைப் போட்டுக் காட்டலாம் என்று தொலைக்காட்சியில் பெயரைத் தட்டினேன். வந்தது 2011ஆம் ஆண்டுத் திரைப்படம். பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்ல படம்தான் அம்மா, ஆனால் இவர் அவர் இல்லையே" என்றார். பிறகு ஒரு தளத்தில் பழைய தொடரின் படம் தெரிகிறதே என்று ஒரு மாதச் சந்தா கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான், அது இந்தப் பகுதியில் கிடைக்காது என்ற அறிவிப்பு வந்தது.

கின்னஸின் படங்களை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே தேட வேண்டும், எந்தப் பிரதி நல்லது என்பதை அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். அப்பாவுக்குக் காது சற்று மந்தம் என்பதால் ஆங்கில சப்டைட்டிலும் வேண்டும்.

ஈலிங்_நேயர் எழுதியது:

தங்கையே, உங்கள் அப்பா விரைவில் நலம் பெற வேண்டும். நான் லண்டனில் இருக்கிறேன். இந்த நடிகரின் படங்களை இருபது ஆண்டுகளாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன்.

எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கேட்டால் இன்று சொல்லும் பதில் மூன்று மாதத்தில் பொய்யாகிவிடும், ஏனென்றால் பழைய படங்களைத் தளங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே குத்தகைக்கு எடுக்கின்றன. அந்தப் படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பதில் பல ஆண்டுகள் நிற்கும். உரிமையாளரைத் தெரிந்துகொண்டால் எங்கே தேடத் தொடங்குவது என்பது தானாகப் புலப்படும்.

கின்னஸ் விஷயத்தில் உரிமையாளர்கள் ஐந்தாறு பேர்தான். ஈலிங் ஸ்டுடியோவின் நகைச்சுவைப் படங்கள், அதாவது 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' (1949), 'தி லாவெண்டர் ஹில் மாப்' (1951), 'தி மேன் இன் தி வைட் சூட்' (1951), 'தி லேடிகில்லர்ஸ்' (1955) ஆகிய நான்கும் ஸ்டூடியோகனால் நிறுவனத்திடம் உள்ளன. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1946), 'ஆலிவர் ட்விஸ்ட்' (1948) இரண்டும் ராங்க் நிறுவனத்தின் தொகுப்பைச் சேர்ந்தவை; அந்தத் தொகுப்பை 1997இல் கார்ல்டன் வாங்கியது, கார்ல்டன் பிறகு ஐடிவியோடு கலந்தது. 'க்வாய்' (1957), 'அவர் மேன் இன் ஹவானா' (1959), 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962), 'கிராம்வெல்' (1970), 'மர்டர் பை டெத்' (1976) ஆகியவை கொலம்பியா வெளியிட்டவை. கொலம்பியா 1989 முதல் சோனியின் கையில் இருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' டிஸ்னியிடம். ஸ்மைலி என்ற உளவாளியாகக் கின்னஸ் நடித்த 'டிங்கர் டெய்லர்', 'ஸ்மைலிஸ் பீப்பிள்' தொடர்கள் இரண்டும் பிபிசியிடம்.

இதில் டிஸ்னி மட்டும்தான் தன் படங்களைத் தன் வீட்டிலேயே நிரந்தரமாக வைத்திருக்கிறது. பழைய கொலம்பியா படங்களையெல்லாம் ஒரே இடத்தில் அடுக்கிவைக்கும் உலகளாவிய சேவை எதுவும் சோனியிடம் இல்லை. அதனால் 'க்வாய்' ஓராண்டு ஒரு சந்தாத் தளத்தில் இருக்கும், மறு ஆண்டு வேறொன்றுக்குப் போய்விடும். அவற்றுக்காகச் சந்தா கட்டாதீர்கள். ஆப்பிள் டிவி, பிரைம் வீடியோ, யூடியூப் ஆகியவற்றில் தனிப்படமாக வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இலவச வழிகளும் உண்டு. ஃபிலிம்4 அலைவரிசையில் ஈலிங் படங்கள் அடிக்கடி வருகின்றன. டாக்கிங் பிக்சர்ஸ் டிவி என்ற அலைவரிசை 2015 முதல் பழைய பிரிட்டிஷ் படங்களுக்கென்றே நடக்கிறது. விட்டுப்போனவற்றைப் பார்க்க என்கோர் என்ற இணையத்தளமும் அவர்களுக்கு இருக்கிறது. கின்னஸ் நடித்த, வேறெங்கும் கிடைக்காத சிறு படங்கள் அங்கேதான் எனக்கு அகப்பட்டன.

தேடும்போது பெயரோடு ஆண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். 'லேடிகில்லர்ஸ்' என்று மட்டும் தட்டினால் 2004இல் வந்த அமெரிக்க மறுஆக்கம் முன்னால் நிற்கும். 'ஃபாதர் பிரவுன்' என்றால் 2013 முதல் வரும் பிபிசி தொடர் வரும். கின்னஸ் நடித்தது 1954இல். 'லிட்டில் டோரிட்' என்றால் 2008ஆம் ஆண்டுத் தொடர் வரும்; அவர் வில்லியம் டோரிட்டாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றது 1987ஆம் ஆண்டின் இரண்டு பாகத் திரைப்படம். உங்களுக்கு நேர்ந்ததும் இதேதான்.

நூலக_அட்டை எழுதியது:

நான் டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. கிரைடீரியன் சேனல் என்ற சந்தாத் தளம் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் கிடைக்கும். கிரைடீரியன் வட்டாக வெளியிட்ட 'தி ஹார்சஸ் மவுத்' (1958), 'ட்யூன்ஸ் ஆஃப் குளோரி' (1960) போன்றவற்றை முதலில் தேட வேண்டிய இடம் அது. பிபிசி, ஐடிவி தொடர்களுக்கு பிரிட்பாக்ஸ்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தைப் பாருங்கள். கனோப்பி, ஹூப்லா ஆகிய சேவைகளைப் பல நூலகங்கள் உறுப்பினர்களுக்குக் கட்டணமின்றித் தருகின்றன. நான் 'ட்யூன்ஸ் ஆஃப் குளோரி'யைப் பார்த்தது என் நூலக அட்டையின் புண்ணியத்தில்தான். முரட்டு ஸ்காட்டிஷ் அதிகாரியாக, சிவந்த முகத்தோடு, குடித்துவிட்டுக் கத்தும் அந்த மனிதர்தான் ஸ்மைலியாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர் என்பதை நம்ப எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

சர்க்கஸ்வாசி எழுதியது:

ஐயாவுக்கு வேண்டியது 'டிங்கர் டெய்லர்' என்பதால் அதைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

இந்தத் தொடருக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. பிபிசி 2 அலைவரிசையில் 1979 செப்டம்பரில் தொடங்கி ஒளிபரப்பானது ஏழு பகுதிகள் கொண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பொது அலைவரிசையில் காட்டுவதற்காக அதை வெட்டி, காட்சிகளின் வரிசையையும் சில இடங்களில் மாற்றி, ஆறு பகுதிகளாக ஆக்கினார்கள். அமெரிக்காவில் வெளியான வட்டுகளிலும் இந்த ஆறு பகுதி வடிவமே இருக்கிறது. கதை இரண்டிலும் ஒன்றுதான் என்றாலும், ஏழு பகுதி வடிவத்தில் காட்சிகளுக்கு மூச்சு விட இடம் இருக்கிறது. ஸ்மைலி ஒருவரைப் பேச விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும் நேரங்கள்தான் இந்தத் தொடரின் உயிர் என்பதால், அதைக் குறைத்தால் நட்டம் பெரிது. ஆகவே பணம் கட்டும் முன் பகுதிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏழு என்றால் எடுங்கள்.

பிரிட்டனில் இருப்பதால் முதலில் பிபிசி ஐபிளேயரில் தேடுங்கள். தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டும் வீட்டுக்கு வேறு செலவில்லை. பழைய நாடகங்களை அவ்வப்போது முழுத் தொகுதியாக அங்கே ஏற்றுகிறார்கள், பிறகு எடுத்தும் விடுகிறார்கள். அங்கே இல்லையென்றால் ஐடிவியின் இணையத்தளமான ஐடிவிஎக்ஸின் கட்டணப் பிரிவைப் பாருங்கள். பிரிட்டனுக்குள் தனியாக நடந்துவந்த பிரிட்பாக்ஸ் 2024இல் அதற்குள் அடங்கிவிட்டது. பழைய கட்டுரைகளில் பிரிட்பாக்ஸுக்குப் போங்கள் என்று எழுதியிருப்பதை நம்பி அலைய வேண்டாம். இரண்டிலும் இல்லையென்றால், தயங்காமல் டிவிடி வாங்கிவிடுங்கள். பிபிசி வெளியிட்ட வட்டு பழைய பொருள் கடைகளில் சில பவுண்டுக்குக் கிடைக்கிறது.

இது 16 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்ட தொடர். படம் சொரசொரப்பாக, மங்கலாகத் தெரிவது கோளாறு அன்று, அதன் இயல்பு. புதிய தொலைக்காட்சிகளில் அசைவை வழவழப்பாக்கும் ஓர் அமைப்பு தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

முதல் காட்சியை ஐயா தவறவிடாமல் பார்க்க வேண்டும். ஓர் அறை, ஒரு நீண்ட மேசை. நான்கு பேர் ஒவ்வொருவராக வந்து அமர்கிறார்கள். யாரும் பேசுவதில்லை. ஒருவர் கோப்புகளை அடுக்குகிறார், ஒருவர் சிகரெட் பற்றவைக்கிறார். கடைசியாக வருபவர் தேநீர்க் கோப்பையின்மேல் அதன் தட்டை மூடியாக வைத்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து வருகிறார். அந்த நால்வரில் ஒருவன் துரோகி. அவர்கள் யார் என்பதே நமக்கு இன்னும் தெரியாத அந்த ஒன்றரை நிமிடத்திலேயே நான்கு பேருடைய குணமும் வந்துவிடுகிறது. இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி முற்றிலும் வேறொன்றாகத் தெரியும். முடிவில் ஒரு சிறுவனின் குரலில் வரும் தேவாலயப் பாடலையும், அடுத்த பகுதிக்குத் தாவும் அவசரத்தில் தள்ளிவிடாதீர்கள். ஜெஃப்ரி பர்கன் அமைத்த அந்த இசை முடிந்த பிறகுதான் ஒரு பகுதி முடிகிறது.

லெஸ்டர்மகள் எழுதியது:

எவ்வளவு விவரம்! மிக்க நன்றி. அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். தேநீர்க் கோப்பையைப் பற்றிச் சொன்னதும், "ஆமாம், அந்தத் தட்டு!" என்று கையைத் தட்டினார். எங்கள் ஊர் நூலகத்தில் டிவிடி இருக்கிறது, ஏழு பகுதிகள் என்று அட்டையில் போட்டிருக்கிறது. பதிவு செய்துவிட்டேன்.

'டாக்டர் ஷிவாகோ'வையும் கேட்கிறார். அது எம்ஜிஎம் படம் என்றும், எம்ஜிஎம்மை அமேசான் வாங்கிவிட்டது என்றும் படித்தேன். அப்படியானால் அது பிரைம் வீடியோவில் சந்தாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் அல்லவா? எனக்கு வாடகை மட்டும்தான் காட்டுகிறது.

ஈலிங்_நேயர் எழுதியது:

பலரும் இடறும் இடம் இது. அமேசான் 2022இல் எம்ஜிஎம்மை வாங்கியது உண்மை. ஆனால் 1986ஆம் ஆண்டிலேயே டெட் டர்னர் எம்ஜிஎம்மை வாங்கி, நிறுவனத்தை விற்றுவிட்டுப் பழைய படங்களின் தொகுப்பை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். டர்னரின் நிறுவனம் 1996இல் டைம் வார்னரோடு சேர்ந்தது. ஆகவே 1965ஆம் ஆண்டின் 'ஷிவாகோ', 1956இல் கிரேஸ் கெல்லியோடு கின்னஸ் நடித்த 'தி ஸ்வான்' ஆகியவை வார்னரின் சொத்து. படத்தின் தொடக்கத்தில் சிங்கம் கர்ஜிக்கும். ஆனால் உரிமைப் பத்திரம் வேறு வீட்டில் இருக்கிறது.

ஒரே படத்துக்கு நாட்டுக்கொரு வீடு இருப்பதும் உண்டு. 'எ பாசேஜ் டு இந்தியா'வை (1984) அமெரிக்காவில் வெளியிட்டது கொலம்பியா, பிரிட்டனில் வெளியிட்டது தார்ன் இஎம்ஐ. இப்படிப் பிரிந்த படங்கள்தான் ஒரு நாட்டில் கிடைத்து இன்னொரு நாட்டில் மறைந்துபோகின்றன. எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் தேடினால், மேலே நாட்டை பிரிட்டன் என்று மாற்றிவைத்துவிட்டுப் பாருங்கள். அதைச் செய்யாமல் வேறு நாட்டின் பட்டியலைப் படித்துவிட்டுச் சந்தா கட்டியதால்தான் பலருக்கு உங்களைப்போல் பணம் வீணாகிறது.

வெண்திரை எழுதியது:

சென்னையிலிருந்து வணக்கம். இந்தியாவில் இருப்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் எங்கள் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன்.

டிஸ்னியின் படங்கள் இங்கே ஜியோஹாட்ஸ்டாரில் வருகின்றன. ஆகவே 'ஸ்டார் வார்ஸ்' தேட வேண்டிய இடம் அது. ஓபி-வான் கெனோபியாக நடித்ததற்குக் கின்னஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஆனால் 1977இல் அரங்குகளில் ஓடிய அதே படம் எந்தத் தளத்திலும் அதிகாரபூர்வமாக இல்லை. 1997இல் தொடங்கிப் பலமுறை கணினி வரைகலையால் திருத்திய வடிவம்தான் உலகம் முழுவதும் காட்டப்படுகிறது. கின்னஸின் நடிப்பு அதனால் கெடவில்லை. ஆனாலும் பழையதைப் பார்த்தவர்களுக்கு உறுத்தும்.

மற்ற பெரும்பாலான படங்களுக்கு இங்கே வாடகைதான் வழி. 'க்வாய்', 'லாரன்ஸ்' போன்றவற்றை இயக்கிய டேவிட் லீனின் படங்களை யூடியூபிலும் ஆப்பிள் டிவியிலும் முதலில் தேடுங்கள்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது. இவ்வளவு பழைய படங்கள் யூடியூபில் முழுவதுமாக யாரோ ஏற்றிவைத்திருக்கிறார்களே, அவற்றைப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பிரிட்டனில் கணக்கு வேறு: இயக்குநர், திரைக்கதை ஆசிரியர், வசனகர்த்தா, படத்துக்கென்றே இசையமைத்தவர் ஆகியோரில் கடைசியாக இறந்தவரின் மறைவுக்குப் பிறகு 70 ஆண்டுகள். டேவிட் லீன் 1991இல் மறைந்தார் என்பதால் அவருடைய படங்களுக்கு அங்கே குறைந்தது 2061 வரை உரிமை இருக்கும். ஆகவே இங்கே ஒரு கணக்கு, அங்கே ஒரு கணக்கு.

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், அந்தப் பிரதிகளில் பார்க்காதீர்கள் என்றுதான் நான் மன்றாடுவேன். நான் முதன்முதலில் 'லேடிகில்லர்ஸ்' பார்த்தது அப்படி ஒரு பிரதியில்தான். படம் இடவலமாகத் திருப்பப்பட்டிருந்தது, குரல்கள் சற்று வேகமாக ஓடின. வண்ணமோ வெளுத்த துணிபோல் இருந்தது. பிறகு மீட்டெடுத்த பிரதியைப் பார்த்தபோது, கிங்ஸ் கிராஸ் ரயில் பாதைக்கு மேலே அந்தக் கோணல் வீடு மஞ்சளும் பழுப்புமாக நிற்பதையும், கின்னஸின் பொய்ப் பற்கள் நிழலுக்குள்ளிருந்து முதலில் வெளியே வருவதையும் கண்டு, நான் இதுவரை இந்தப் படத்தையே பார்க்கவில்லை என்று உணர்ந்தேன்.

ஈலிங்_நேயர் எழுதியது:

வெண்திரை சொன்னதை இரு கையாலும் ஆதரிக்கிறேன். ஸ்டூடியோகனால் இந்தப் படங்களை 4கே தரத்தில் மீட்டெடுத்திருக்கிறது. வாடகைக்கு எடுக்கும்போதும் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

'கைண்ட் ஹார்ட்ஸ்' படத்தை நல்ல பிரதியில் பார்க்க வேண்டியதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. கின்னஸ் அதில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேராக, ஒரு பெண்மணி உட்பட, நடிக்கிறார். தேவாலயத்தில் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் அமர்ந்திருக்கும் காட்சி வரும். கணினி இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் காமிராவை இம்மியும் அசையாமல் பூட்டிவைத்து, லென்சின் முன்னே ஆறு சிறு கதவுகள் போன்ற மறைப்பை வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறந்து, ஒரே படச்சுருளைத் திரும்பத் திரும்பப் பின்னோக்கிச் சுற்றி ஆறு முறை படமாக்கினார். கின்னஸ் ஒவ்வொரு முறையும் ஒப்பனையை மாற்றிக்கொண்டு வந்து வேறு இருக்கையில் உட்கார வேண்டும். ஒரே நாளில் முடியவில்லை. இரவில் யாராவது காமிராவை இடித்துவிடப் போகிறார்களே என்று ஸ்லோகோம்ப் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாராம். மங்கலான பிரதியில் அந்த ஆறு முகங்களும் ஆறு புள்ளிகளாகத்தான் தெரியும்.

இதிலும் ஒரு வடிவச் சிக்கல் இருக்கிறது. குற்றவாளி தண்டனையின்றித் தப்பக் கூடாது என்ற அன்றைய அமெரிக்கத் தணிக்கை விதிக்காக, அங்கே சென்ற பிரதியின் முடிவில் சில விநாடிக் காட்சி ஒன்றைச் சேர்த்தார்கள். பிரிட்டிஷ் பிரதி ஒரு கேள்வியோடு நிற்கும். பதில் சொல்லிவிட்டு முடிந்தால் நீங்கள் பார்ப்பது அமெரிக்கப் பிரதி.

'ஆலிவர் ட்விஸ்ட்' படமும் அமெரிக்காவில் அப்படியே ஓடவில்லை. ஃபேகினாக நடித்த கின்னஸின் பெரிய மூக்கு ஒப்பனை யூதர்களை இழிவுபடுத்துகிறது என்ற கண்டனம் எழுந்து, வெளியீடு 1951 வரை தள்ளிப்போய், வெட்டிய வடிவமே காட்டப்பட்டது. கண்டனம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும் என்ன செய்தார்கள் என்பதை அறிய முழு வடிவத்தைப் பார்ப்பதே சரி.

கிள்ளான்_வாசகர் எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். 'க்வாய்' பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை.

படத்தில் வரும் பாலம், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் போட்ட ரயில் பாதையில் உள்ளது; இங்கே தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பாதைக்குச் சயாம் மரண ரயில் என்று பெயர். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கி.மீ. நீளம், 1943 அக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்து 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அதைவிடப் பல மடங்கு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெரும் பங்கினர். என் பாட்டனாரின் தம்பி போனவர், திரும்பவில்லை. படத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. கைதிகளின் உண்மையான மூத்த அதிகாரி ஃபிலிப் டூசியும் கின்னஸ் நடித்த நிக்கல்சனைப்போல் எதிரிக்கு ஆசையாகப் பாலம் கட்டித் தந்தவர் அல்லர்.

இவ்வளவும் தெரிந்தும் நான் இந்தப் படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன். தகரக் கூண்டுக்குள் பல நாள் அடைத்துவைத்து வெளியே விட்டதும், நிக்கல்சன் முகாம் தலைவனின் குடிசை வரை தள்ளாடி நடப்பாரே, அந்த நடைக்காக. கால்கள் வளைந்து போகின்றன, தோள் மட்டும் நிமிர்ந்திருக்கிறது. இளம்பிள்ளை வாதத்திலிருந்து மீண்டு வந்த தன் மகன் மாத்யூ நடந்த விதத்தை மனத்தில் வைத்து நடந்ததாகக் கின்னஸே சொல்லியிருக்கிறார்.

பார்க்கும் பிரதியைப் பொறுத்தவரை, இது மிக அகலமான சினிமாஸ்கோப் படம். திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்க வேண்டும். திரை முழுவதும் நிறைந்து தெரிந்தால் இரு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அதை வாடகைக்கு எடுக்காதீர்கள்.

லெஸ்டர்மகள் எழுதியது:

கிள்ளான் ஐயா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்தபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். இதையெல்லாம் அந்த வயதில் யாரும் சொல்லவில்லை என்றார்.

நேற்று 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' வாடகைக்கு எடுத்தேன். ஒரு சந்தேகம். பாட்டு மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. இரண்டு நிமிடம் பொறுத்துவிட்டு நிறுத்தினேன், மறுபடி தொடங்கினேன், அப்படியேதான் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

வெண்திரை எழுதியது:

கேட்காதீர்கள் அக்கா, உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல பிரதி! படம் தொடங்கும் முன், அரங்கில் மக்கள் வந்து அமரும் நேரத்தில் மோரிஸ் ஜாரின் இசையை நான்கு நிமிடத்துக்கு மேல் வெறும் கறுப்புத் திரையில் ஒலிக்கவிட்டார்கள். இடைவேளைக்குப் பிறகும் இப்படி ஓர் இசை வரும். வெளியான பிறகு வெட்டிச் சிதைத்திருந்த படத்தை ராபர்ட் ஹாரிஸ் 1989இல் பாடுபட்டு ஒட்டிச் சேர்த்தார். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவதால் ஐயாவுக்கு இடைவேளையில் எழுந்து நடக்க வசதி. வாடகைப் படங்களைத் தொடங்கிய பிறகு பெரும்பாலும் 48 மணி நேரம்தான் அவகாசம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நூலக_அட்டை எழுதியது:

ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கின்னஸ் 'லாரன்ஸ்' படத்தில் இளவரசர் ஃபைசலாகவும், 'எ பாசேஜ் டு இந்தியா'வில் பேராசிரியர் காட்போலேயாகவும் நிறம் பூசிக்கொண்டு நடிக்கிறார். ஃபைசலை என்னால் ஏற்க முடிகிறது, அந்தக் கண்களில் ஓர் அரசியல்வாதியின் கணக்கு இருக்கிறது. காட்போலேயை என்னால் பார்க்கவே முடியவில்லை. சுற்றிலும் விக்டர் பானர்ஜி, ரோஷன் சேத், சயீத் ஜாஃப்ரி போன்ற இந்திய நடிகர்கள் நிற்கும்போது அது மேலும் உறுத்துகிறது. லீனோடு அவர் சேர்ந்த ஆறாவது படம் அது, கடைசியும் அதுவே. பட்டியலில் அதைக் கடைசியில் வையுங்கள்.

இன்னொன்று, யாராவது வி.பி.என். போட்டு வேறு நாட்டுத் தளத்தைப் பார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலான தளங்களின் நிபந்தனைகள் அதை அனுமதிப்பதில்லை. கட்டிய சந்தா நடுவில் தடைபட்டால் கேட்க நாதியிருக்காது.

சர்க்கஸ்வாசி எழுதியது:

'டிங்கர்' முடிந்ததும் 'ஸ்மைலிஸ் பீப்பிள்' (1982) பாருங்கள். ஆறு பகுதிகள், இதுவும் பிபிசி. இவற்றுக்கு மூலமான ஜான் லெ காரேயின் நாவல் வரிசையில் இடையில் ஒன்று உண்டு. ஆசிய நாடுகளில் படமாக்கச் செலவு கட்டுப்படியாகாது என்று பிபிசி அதைத் தாண்டிவிட்டது. அதனால் புரிவதில் குறை எதுவும் இல்லை. இரண்டு தொடர்களுக்கும் கின்னஸ் பாஃப்டா விருது பெற்றார். இந்த வேடத்துக்காக, ஓய்வுபெற்ற உளவுத்துறைத் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு மதிய உணவு உண்டு, அவர் நடை உடை பாவனைகளைக் கவனித்தாராம்.

தொலைக்காட்சிக்கென அவர் நடித்த மற்றவை எளிதில் கிடைப்பதில்லை. 'மான்சிஞோர் கிஹோட்டே' (1985), பிபிசியின் 'எ ஃபாரின் ஃபீல்ட்' (1993) இரண்டையும் நான் தளங்களில் தேடிச் சலித்துவிட்டேன். பழைய டிவிடிதான் கதி.

லெஸ்டர்மகள் எழுதியது:

நிலவரத்தைச் சொல்கிறேன். நூலகத்திலிருந்து டிவிடி வந்துவிட்டது. சப்டைட்டில் இருக்கிறது. தொலைக்காட்சியின் வழவழப்பு அமைப்பை என் மகன் கண்டுபிடித்து அணைத்துவிட்டான். ஒரு நாளைக்கு ஒரு பகுதிதான் என்று அப்பா கட்டளை போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு வாரம் காத்திருந்தேன், ஒரு நாள் காத்திருக்கக் கூடாதா என்கிறார்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை 'க்வாய்' வாடகைக்கு எடுத்தோம், கறுப்புப் பட்டையோடு. அப்பா ஒரு காட்சியில் நிறுத்தச் சொன்னார். ஆற்றின் வளைவு, அதற்குப் பின்னால் மலை. "இது களனி கங்கை அம்மா, கித்துள்கலை. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனபோது இந்த வளைவில் குளித்தோம், பாலம் நின்ற இடத்தை வாத்தியார் காட்டினார்" என்றார். பிறகு நிக்கல்சன் கூண்டிலிருந்து நடந்து வரும் இடத்தை, கிள்ளான் ஐயா சொன்னதை வைத்து, இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தோம். அப்பா தன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு சமையலறை வரை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இன்றிரவு 'டிங்கர்' நான்காம் பகுதி. 1979இல் அவர் விட்டவற்றில் இதுவும் ஒன்று. 'எ ஃபாரின் ஃபீல்ட்' டிவிடி யாருடைய கண்ணிலாவது பட்டால், தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.